எங்கள் கல் மேசையைத் திருப்பித் தாருங்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்றத் தலைவருக்கும் பொது மேலாளருக்கும்,

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பூரில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த வட்டக் கல் மேசையையும் அதைச் சுற்றியிருந்த எட்டு இருக்கைகளையும் உங்கள் குத்தகையாளர்கள் உடைத்து அள்ளிச் சென்றார்கள். துளைப்பான் சத்தம் கேட்டு என் அப்பா கீழே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, "மேசைய ஒடச்சிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஐந்து வரியில் பதில் வந்தது. இரைச்சல் குறித்துக் குடியிருப்பாளர்கள் புகார் செய்தார்கள், அந்த இடம் மிதிவண்டி நிறுத்துவதற்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, மூத்தோர் அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு, அதாவது மூத்தோருக்கு நிகழ்ச்சிகள் நடத்தும் இடத்துக்கு, செல்லலாம் என்று அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அந்த மேசையில் என்ன நடந்தது என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 81. செம்பவாங் கடற்படைத் தளத்தைப் பிரிட்டிஷார் விட்டுக்கொடுத்து அது கப்பல் பட்டறையான 1968ஆம் ஆண்டில் வெல்டராகச் சேர்ந்தவர். ஓய்வுபெறும்வரை வேறு வேலை பார்க்கவில்லை. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் அவருடன்தான் இருக்கிறேன். ஆனால் காலை ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழரை ஆகிவிடும். உங்கள் கணக்கில் அவர் தனியாக வாழும் முதியவர் இல்லை. என் கணக்கில் அவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக இருப்பவர். தனியாக வாழும் மூத்தோரைத் தேடிப்போகும் தொண்டூழியர்கள் எங்கள் கதவைத் தட்டுவதில்லை, ஏனென்றால் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

அந்த நாளை அவர் மேசையை வைத்துத்தான் தாண்டினார். நாலு மணிக்குக் குளிப்பார். வெள்ளைச் சட்டை, திருநீறு. நாலரைக்கு மின்தூக்கி. முதலில் கோப்பிக்கடைக்கு நடந்துபோய் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு 'கோப்பி ஓ கோசோங்' பொட்டலம் கட்டிக்கொள்வார், அவருக்குச் சர்க்கரை வியாதி. பிறகு மேசை. நாலாம் மாடி மலாய்ப் பெரியவர் டாம் என்ற காய் நகர்த்தும் ஆட்டத்துக்குப் பலகை கொண்டுவருவார். காய்களுக்குப் பதில் பாட்டில் மூடிகள், ஒருவருக்கு நேராக வைத்தது, மற்றவருக்குக் கவிழ்த்தது. பக்கத்து புளோக்குச் சீனப் பெரியவர் ஒருவர் ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழி மட்டுமே சரளமாகப் பேசுவார். இவர்கள் மூவரும் பேசிக்கொண்டது பாசார் மலாயில். அந்தத் தலைமுறை சந்தையிலும் பட்டறையிலும் கற்றுக்கொண்ட மொழி அது. என்னால் அதில் முழுதாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாது. பதினோராம் மாடிப் பாட்டி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்குப் பூக்கட்டுவார். எதிர் புளோக்கிலிருந்து இரண்டு தமிழ்ப் பெரியவர்கள் வருவார்கள், ஒருவர் கையில் எப்போதும் தமிழ் முரசு நாளிதழ் இருக்கும். அதைச் சத்தமாகப் படிப்பார், மற்றவருக்குக் கண்புரை. இரவுத் தமிழ்ச் செய்திக்கு முன்பே எல்லாரும் கலைந்துவிடுவார்கள்.

இந்த ஆறு பேரையும் யாரும் பதிவு செய்யவில்லை. யாரும் நிகழ்ச்சி நடத்தவில்லை. மன்றத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் மேசையில் வருகைப் பதிவு இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. ஐந்தரை மணி ஆகியும் மலாய்ப் பெரியவர் வரவில்லை. அவர் தாமதமாக வருகிறவர் இல்லை. அப்பாவும் சீனப் பெரியவரும் நாலாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே ஏதோ முனகல். ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்தார்கள். பக்கவாதம். மூளையில் அடைபட்ட ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகு பெரும்பாலும் பயனில்லை. அவருக்கு நேரத்துக்குள் கிடைத்தது. இன்று வலது கால் சற்று இழுக்கிறது, அவ்வளவுதான். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு அவர் மகள் ரெண்டாங் கறி கொடுத்தனுப்புகிறார். அவரைக் காப்பாற்றியது மருத்துவமனை. மருத்துவமனைக்கு அவரை அனுப்பியது அந்த மேசை.

இனி இந்த ஆண்டு மார்ச் மாதத்துக்கு வருகிறேன். மேசை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பதினோராம் மாடிப் பாட்டி ஒரு சனிக்கிழமை மாலை, நாலு மணி வாக்கில், குளியலறையில் வழுக்கி விழுந்தார். கைப்பேசி வரவேற்பறையில். இடுப்பெலும்பு முறிந்ததால் நகர முடியவில்லை. திங்கட்கிழமை காலை உணவு கொண்டுவந்த தொண்டூழியர் கதவைத் தட்டிப் பதில் வராமல் காவல்துறையை அழைக்கும்வரை அவர் அந்த ஈரத் தரையிலேயே கிடந்தார். நாற்பது மணி நேரம்.

விழுந்தவர் எழ முடியாமல் தரையில் நெடுநேரம் கிடப்பதைப் பற்றி ஒரு தாதியிடம் அன்றுதான் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உடல் நீர் வற்றுகிறது. தரையில் அழுந்திய இடத்தில் தோல் அழுகிப் புண்ணாகிறது. அழுந்திய தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. எலும்பு முறிவோடு இவையும் சேர்ந்து ஆளைச் சாய்க்கின்றன. பாட்டிக்கு இவை எல்லாமே நடந்தன. அவர் இப்போது தாதிமை இல்லத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். விரல்கள் போர்வையின் நூலை எடுத்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தன.

மேசை இருந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு, "பாட்டி எங்க, இன்னும் காணோமே" என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆறு மணிக்கு யாராவது மேலே போயிருப்பார்கள். இதைத்தான் நீங்கள் நவம்பரில் உடைத்தீர்கள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். மேசை போன முதல் வாரம் அவர் வழக்கம்போல் குளித்துச் சட்டை போட்டுக் கீழே போனார். மிதிவண்டிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார். முழங்கால் வலியோடு நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பேசுவது? மற்றவர்களுக்கும் அதே கதை. இரண்டாம் வாரம் குளிப்பதைக் காலைக்கு மாற்றினார். ஜனவரியில் கோப்பிக்கடைக்கு நடப்பதையும் விட்டார். நான் ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுப் போகும் கோப்பி அப்படியே இருக்கும். பிற்பகல் முழுக்கத் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார். பலதுறை மருந்தகத்தில் ஏப்ரலில் பார்த்தபோது எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7.2லிருந்து 8.9க்கு ஏறியிருந்தது. மாத்திரைப் பெட்டியில் செவ்வாயும் புதனும் தொடப்படாமலே இருந்தன.

மருத்துவர் மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள், ஐயா?" அப்பா என்னைப் பார்த்தார். "மக கிட்ட," என்றார்.

அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது, கப்பல் பட்டறை இரைச்சல் செய்த வேலை. மேசையில் எல்லாருக்கும் அது தெரியும், வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவார்கள். வெளியில் அப்படி யார் உட்காரப்போகிறார்கள்? இரண்டு மாதமாகப் பேச்சின் நடுவில் சொல் கிடைக்காமல் தேடுகிறார். போன வாரம் 'குடை' என்ற சொல் வரவில்லை, கையால் விரித்துக் காட்டினார். மறதிநோயா என்று சோதிக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். முதுமையில் வரும் மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024ல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. காது கேளாமை அதில் ஒன்று. முதுமையில் ஆட்களோடு தொடர்பற்றுப் போவது இன்னொன்று. அப்பாவுக்கு முதலாவது முப்பது வருடமாக இருக்கிறது. இரண்டாவது நவம்பரில் வந்தது.

இதெல்லாம் வயதானால் நடப்பதுதான் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஒரு மேசைக்கும் ஒரு சர்க்கரை அளவுக்கும் நேர்க்கோடு போட என்னால் முடியாது. ஆனால் இது என் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் இங்குள்ள மூத்தோரைத் தொடர்ந்து கவனித்து 2021ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் தனிமையை உணர்கிறவர்கள், அதை உணராதவர்களைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டுகள் குறைவாக வாழக்கூடும் என்பது அது. நம் புளோக்குகளில் வாழும் நம் ஆட்களைப் பற்றிய கணக்கு அது. உலகச் சுகாதார நிறுவனம் 2025ல் சொன்ன எண் இன்னும் பெரியது. தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000. மணிக்கு ஏறக்குறைய நூறு பேர்.

காரணமும் மர்மமில்லை. பேச ஆளில்லாதவருக்கு உடல் எந்நேரமும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. மன அழுத்தச் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்கின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, உடலுக்குள் அழற்சி அடங்காமல் நீடிக்கிறது, தூக்கம் கெடுகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம் மிகச் சாதாரணமானது: போக இடமில்லாதவர் நடப்பதில்லை, நடக்காதவரின் தொடைத் தசை கரைகிறது, தசை கரைந்தவர் விழுகிறார். விழுந்தவர் பயத்தில் இன்னும் குறைவாக நடக்கிறார். அப்பா மேசைக்குப் போய்வர ஒரு நாளைக்கு அறுநூறு அடி எடுத்துவைத்தார். அதுவே அவருடைய உடற்பயிற்சி.

இனி நீங்கள் சொன்ன நிலையத்துக்கு வருகிறேன். நாங்கள் போகாமல் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு முறை அப்பாவைக் கூட்டிப்போனேன். நிலையத்தில் இருந்த இளம்பெண் அன்பானவர், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குறை அவர்மீது இல்லை. ஆனால் நிலையம் எங்கள் புளோக்கிலிருந்து ஒரு சாலை தாண்டி இருக்கிறது, அப்பாவின் நடைக்குப் பதினைந்து நிமிடம். பிற்பகல் நிகழ்ச்சி அன்று மாண்டரினில் நாற்காலி உடற்பயிற்சி, பிறகு கரவோக்கே. இரண்டாம் முறை பிங்கோ, எண்கள் மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் அழைக்கப்பட்டன. இடது காது கேட்காத மனிதருக்கு அது ஒரு சுவர். மாலை ஐந்து மணிக்கு நிலையம் மூடுகிறது, மேசையில் ஐந்து மணிக்குத்தான் பேச்சு சூடுபிடிக்கும். மூன்றாம் முறை கூப்பிட்டேன். "எனக்கு அங்க யாரத் தெரியும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதைப் பொதுவாக யாரும் எழுதுவதில்லை. 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் இந்தியர்க்கும் இதர இனத்தவர்க்கும் உள்ள உச்ச வரம்பு இப்போது 15 விழுக்காடு. அந்தக் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. அதனால்தான் என் அப்பா ஒரு மலாய்க்காரருடனும் சீனருடனும் டாம் ஆடினார். ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு புளோக்கில் தமிழ் பேசும் குடும்பம் ஏழெட்டு இருந்தால் அதில் எண்பது வயதுக்காரர் ஒருவரோ இருவரோதான். அவர்கள் ஒருவரையொருவர் தற்செயலாகச் சந்திக்க முடியாது. நாலைந்து புளோக்கிலிருந்து வந்து சேர ஒரு பொது இடம் வேண்டும். எங்கள் பேட்டையில் அது அந்தக் கல் மேசை. தமிழ் ஆட்சிமொழி என்பது மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்பில் நாலு வரி அச்சிடுவதோடு முடிவதில்லை. அந்த மொழியில் பேச ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைப் பார்க்க ஓர் இருக்கை வேண்டும். அறிவிப்பு என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது: மேசையை எடுக்கப் போகிறீர்கள் என்று எந்த மொழியிலும் ஒட்டவில்லை.

இரைச்சல் புகாரைப் பற்றி. இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். புகார் செய்தது அவர்கள்தான், அவர்களே என்னிடம் சொன்னார்கள். இரவு ஒரு மணி இரண்டு மணிக்குப் பையன்கள் கூடிப் பாட்டுப் போட்டுக் குடித்துக் கத்தினார்கள். குழந்தை தூங்கவில்லை. நியாயமான புகார். அந்தப் பெண் என்னிடம் கேட்டார், "அக்கா, நாங்க மேசைய எடுக்கச் சொல்லலையே, இரவுல யாராவது வந்து பாருங்கன்னுதான் சொன்னோம்?" இரவில் நடந்த தப்புக்கு மாலையில் உட்கார்ந்தவர்களின் இருக்கை போய்விட்டது. அந்தப் பையன்கள் இப்போது பக்கத்து புளோக்கில் கூடுகிறார்கள். அங்கே இருக்கும் மேசையையும் எடுத்துவிடுவீர்களா?

2030ல் சிங்கப்பூரர் நால்வரில் ஒருவர் 65 வயதையோ அதற்கு மேலோ எட்டியிருப்பார் என்று அரசாங்கமே பல ஆண்டாகச் சொல்லிவருகிறது. மூத்தோர் வீட்டோடு முடங்கிப் போகக்கூடாது என்று 2023ல் ஏஜ் வெல் எஸ்ஜி திட்டம் வந்தது, பத்தாண்டுக்கு 3.5 பில்லியன் வெள்ளி. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தேசிய அளவில் அவ்வளவு பணத்தைப் போட்டு உருவாக்க நினைப்பது எதுவோ, அது எங்கள் கீழ்த்தளத்தில் தானாகவே முளைத்து இருபது வருடம் நின்றது. நாங்கள் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் அதை உடைக்கக் கூலி கொடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. எதிர் புளோக்குப் பெரியவர்கள் இருவரிடமும், மலாய்ப் பெரியவரிடமும், சீனப் பெரியவரிடம் அவர் பேத்தி மூலமாகவும் பேசிவிட்டே எழுதுகிறேன்.

முதலில், வரும் தீபாவளிக்குள் எட்டு இருக்கையோடு ஒரு மேசை எங்கள் கீழ்த்தளத்துக்குத் திரும்பி வர வேண்டும். பழைய இடம்தான் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. கூரை போட்ட நடைபாதைப் பக்கமாக, படுக்கையறைச் சன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள். மழைச் சாரல் அடிக்காத இடமாக, சக்கர நாற்காலி நுழைய ஒரு பக்கம் இருக்கையில்லாத மேசையாக இருக்கட்டும். சாய்மானம் உள்ள இருக்கை குறைந்தது இரண்டு வேண்டும்.

இரவு பத்தரைக்குப் பிறகு அங்கே கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதை உங்கள் பாதுகாவலர்களிடமும் அக்கம்பக்கக் காவல் நிலையத்திடமும் ஒப்படையுங்கள். அந்த இளம் தம்பதிக்கும் பதில் சொன்னதாக இருக்கும்.

உங்கள் பொறுப்பில் உள்ள எல்லா புளோக்குகளிலும் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை மேசைகளும் இருக்கைகளும் அகற்றப்பட்டன, எந்தக் காரணத்துக்காக, அவற்றுக்குப் பதில் என்ன வைக்கப்பட்டது என்ற விவரத்தை வெளியிடுங்கள். இனிமேல் ஒன்றை எடுப்பதற்கு முன் முப்பது நாள் அறிவிப்பு, நாலு மொழியிலும், அந்த மேசையின் மீதே ஒட்டப்பட வேண்டும். அதோடு, மாலை ஐந்து மணிக்கு ஓர் அதிகாரி நேரில் வந்து அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

நிலையத்தோடு பேசி, தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரை வாரத்துக்கு இரண்டு மாலை எங்கள் மேசைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கட்டும், மாத்திரைப் பெட்டியைப் பார்க்கட்டும், வராதவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மூத்தோர் நிலையத்தைத் தேடி வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், பொறுப்பானவரின் பெயரும் கையெழுத்தும் போட்டு. மின்னஞ்சல் வேண்டாம். ஒன்பதாம் மாடிக்குத் தாளில், தமிழில், கொட்டை எழுத்தில் அனுப்புங்கள். அப்பா தமிழ் நன்றாகப் படிப்பார். மறதிநோய்ச் சோதனைக்கு ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடியில் வசிக்கும் மகள்